செவ்வயிற்றுப் பிரானாவும் நம் மலையாறும்



சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை. சபைகூடல் முடிந்து, மணியடித்து, வகுப்புகள் தொடங்கவிருந்த வேளை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மைலோ டின் ஒன்றினை இரு கைகளாலும் மார்போடு அணைத்தவாறு நம் அறை வாயிலில் வந்து நின்றான். டின்னில் பாதியளவு நீர் இருந்தது. நீருக்குள் இரண்டு சிறு மீன்கள். வெள்ளிக் காசுபோல் தட்டையான உடல்; தாடைக்குக் கீழிருந்து அடிவயிறு வரையில் குங்குமம் தடவினாற்போன்ற செந்நிறம்.

“ஐயா, இவை பிரானாக் குஞ்சுகள். சனிக்கிழமை பசார் மாலாமில் வாங்கினேன். வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். லயத்துக்குப் பின்னால் ஆற்றில் விட்டுவிடு என்று அப்பா சொல்கிறார். ஆற்றில் விட்டால் தங்கையைக் கடிக்குமே, ஐயா?”

நாம் மீன்களைப் பார்த்தோம், மாணவனையும் பார்த்தோம். இரண்டு இரவுகளாக அவன் சரியாக உறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உடனே ஏதேனும் ஒரு விடையைக் கூறி அனுப்பியிருக்கலாம். ஆயினும், முப்பது ஆண்டுக்காலம் ஆசிரியராக இருந்தவர் ஒரு மீனைப் பற்றித் திரைப்படத்தில் கண்டதை வைத்து விடை கூறுவது தகாது என்று பட்டது. டின்னை அறிவியல் அறையில் வைக்கச் சொன்னோம். பின்னர் ஒரு வார காலம் நூல்களைப் புரட்டினோம். அவ்வாறு படித்தறிந்தவற்றையே இங்குப் பாடமாக எழுதுகின்றோம். அவன் கேட்ட ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. பிரானா மனிதரைத் தின்னுமா என்பது ஒன்று. வேற்று நாட்டு மீனை நம் ஆற்றில் விடலாமா என்பது மற்றொன்று. ஊரார் அஞ்சுவது முதற்கேள்வியைக் குறித்தே; இரண்டாவதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

உலகப் படத்தை விரித்துத் தென் அமெரிக்கக் கண்டத்தைப் பாருங்கள். நிலநடுக்கோடு நம் மலேசியாவுக்கு அருகே செல்வதுபோலவே அக்கண்டத்தின் வடபகுதியையும் ஊடறுத்துச் செல்கின்றது. ஆதலால் அங்கும் வெப்பமும் மழையும் மிகுதி. காடுகளும் ஆறுகளும் மிகுதி. அமேசான் பேராறு, அதற்குத் தெற்கே பரகுவாய், பரானா ஆறுகள், வடக்கே கயானா நாட்டின் எஸ்ஸெக்கீபோ ஆறு ஆகியவற்றின் நீர்ப்பரப்பிலேதான் செவ்வயிற்றுப் பிரானா வாழ்கின்றது. பிரானா என்பது தனியொரு மீனின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் பல இனங்கள் உள்ளன. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்றது இச்செவ்வயிற்று இனமே. அந்நாட்டுப் பழங்குடியினரின் தூப்பி மொழியில் மீனுக்கும் பல்லுக்கும் உரிய சொற்கள் இணைந்து ‘பிரானா’ என்றாயிற்று என்பர். பல்லுடைய மீன்! பார்த்தவர் வைத்த பெயர், பொருத்தமாகவே வைத்திருக்கின்றனர்.

அறிவியலார் இட்ட பெயர் பைகோசென்ட்ரஸ் நாட்டெரெரி என்பதாகும். இதன் பின்பாதியில் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருக்கின்றது. ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த யோகான் நாட்டெரர் என்னும் இயற்கையாய்வாளர் 1817ஆம் ஆண்டு பிரேசிலுக்குச் சென்று, 18 ஆண்டுகள் அங்கேயே அலைந்து, விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் திரட்டி வியன்னா நகருக்கு அனுப்பினார். 1843இல் அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகளிற் பல, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது வியன்னாவில் மூண்ட தீயில் அழிந்தன. எஞ்சிய திரட்டுகளை ஆராய்ந்த ருடால்ஃப் க்னெர் என்பார் 1858இல் இம்மீனை முறையாக விவரித்து, நாட்டெரரின் பெயரையே அதற்குச் சூட்டினார். உழைத்தவரின் பெயர் ஏட்டில் எரிந்தாலும் மீனில் நிலைத்தது.

இனி மீனைக் காண்போம். முழுவளர்ச்சி பெற்ற செவ்வயிற்றுப் பிரானா பெரும்பாலும் நம் ஒரு சாண் நீளமே இருக்கும். மிகப் பெரியது 35 சென்டிமீட்டரை எட்டக்கூடும். பக்கவாட்டில் அழுத்தினாற்போன்ற உடல். முதுகு சாம்பல் நிறம். அதன்மேல் வெள்ளித்தூள் தூவியதுபோன்ற மினுமினுப்பு. வயிறு சிவப்பு. முகம் மட்டும் ஏனைய மீன்களைப்போல் கூரியதன்று, மழுங்கியது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னே துருத்தியிருக்கும்.

அத்தாடையைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். மேலும் கீழும் ஒவ்வொரு வரிசைப் பற்கள். ஒவ்வொரு பல்லும் முக்கோண வடிவினது. விளிம்பு சவரக்கத்தி போன்றது. வாய் மூடும்போது மேல்வரிசையின் இடைவெளிகளில் கீழ்வரிசைப் பற்கள் சென்று பொருந்தும். கத்தரிக்கோலின் இரு அலகுகளும் ஒன்றையொன்று உரசிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே இப்பற்களும் அறுக்கின்றன. நாய் கடித்தால் சதை கிழியும். பிரானா கடித்தால் ஒரு துண்டு வட்டமாக அறுபட்டு வரும்.

கத்தி மழுங்கினால் நாம் சாணை பிடிக்கின்றோம். பிரானா யாது செய்யும்? நம் வாயில் பாற்பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து ஒவ்வொன்றாக முளைக்கின்றன. பிரானாவுக்கோ வாயின் ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தும் ஒருங்கே கழன்றுவிடும். அவற்றின் அடியில் முன்பே உருவாகிக் காத்திருக்கும் புதிய தொகுதி மேலெழுந்து அவ்விடத்தை நிரப்பும். மறுபக்கம் அதுவரை வேலை செய்துகொண்டிருக்கும். பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே அலகாக நிற்பதால் இவ்வாறு மொத்தமாக மாற்றுவதே அதற்கு ஏற்ற வழி என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. உடலை அறுக்காமல் உள்ளே காணும் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு இதனைக் கண்டறிந்தனர்.

கடியின் வலிமையையும் அளந்துள்ளனர். செவ்வயிற்றுப் பிரானாவின் உறவான கருப்புப் பிரானா 320 நியூட்டன் விசையுடன் கடிக்கின்றது என்று 2012இல் அறிவித்தனர். பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் மூன்றினை அடுக்கினால் கீழே உள்ளது எவ்வளவு அழுத்தப்படுமோ, ஏறக்குறைய அவ்வளவு. அளக்கப்பட்ட மீனோ ஒரு கிலோவைச் சிறிதே தாண்டியது. தன் எடையைப்போல் 30 மடங்கு! முதலையும் சுறாவும்கூடத் தம் எடைக்கு இவ்வளவு வலிமையுடன் கடிப்பதில்லை.

இத்தகைய வாயைப் படைத்த மீன் எதைத்தான் தின்னாது என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மையில் அதன் உணவு மிகவும் கலப்பானது. சிறு மீன்கள், பூச்சிகள், இறால், நத்தை, நீரில் விழுந்த விதைகள், நீர்ச்செடிகள், இறந்து மிதக்கும் பிணங்கள் யாவும் அதற்கு உணவே. இளம் பிரானாக்களுக்கு மற்றொரு பழக்கமும் உண்டு. பெரிய மீன்களின் பின்னால் ஓசையின்றிச் சென்று அவற்றின் துடுப்பு நுனியையோ செதிலையோ கிள்ளிக்கொண்டு ஓடிவிடும். கிள்ளப்பட்ட மீன் சாவதில்லை. நம் அன்னையர் கொழுந்து கிள்ளிய செடி மீண்டும் துளிர்ப்பதுபோல அத்துடுப்பும் மீண்டும் வளர்ந்துவிடும். சிலகாலம் கழித்து மறுபடியும் கிள்ளலாம். இளையவை பகலில் உணவு தேடும். பெரியவை விடியற்காலையிலும் அந்தியிலும் மிகுதியாக நடமாடும்.

பிரானாக்கள் ஏன் கூட்டமாகத் திரிகின்றன? ‘ஒன்றுகூடி வேட்டையாடுவதற்காக’ என்பதே நெடுங்காலம் கூறப்பட்டு வந்த விடை. நம் பழைய பொது அறிவுப் புத்தகங்களிலும் அவ்வாறே அச்சிடப்பட்டிருந்தது. நாமும் அதனையே கற்பித்தோம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மகுரன் அம்மையாரும், பிரேசிலின் மாமிராவாக் காட்டுப் பகுதியில் பணியாற்றிய எல்டர் கெய்ரோஸ் அவர்களும் இதனைச் சோதித்துப் பார்த்து 2005இல் தம் முடிவை வெளியிட்டனர். அச்சோதனை உங்களுக்கும் விளங்கும் அளவுக்கு எளிமையானது. ஒரு தொட்டியில் இரண்டு பிரானாக்களை விட்டனர். வேறொன்றில் எட்டு விட்டனர். மீன் மூச்சுவிடும்போது செவுள் மூடி திறந்து மூடுமல்லவா? அதனை எண்ணினர். இரண்டாக இருந்தவை விரைந்து விரைந்து மூச்சுவிட்டன. எட்டாக இருந்தவை அமைதியாக மூச்சுவிட்டன. பகை பாய்ந்து வருவதாகப் போக்குக் காட்டியபோதும், பெரிய கூட்டத்தில் இருந்தவையே விரைவில் அமைதியுற்றன.

தனித்திருக்கும் பிரானா அஞ்சுகின்றது! எதற்கு? கெய்மன் என்னும் முதலைக்கு, ஆற்று ஓங்கிலுக்கு, நீர்நாய்க்கு, நீர்க்காகத்துக்கு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அரபைமா மீனுக்கு. கூட்டத்திற்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. முட்டையிடும் பருவம் எய்திய பெரியவை நடுவிலும், இளையவை ஓரங்களிலும் இருக்கின்றன. ஓரத்தில் இருப்பவற்றையே பகை முதலில் பிடிக்கும். இந்த ஏற்பாடு இளையவற்றுக்கு நியாயமாகத் தோன்றாது என்பது வேறு செய்தி.

இம்மீன்கள் ஒலி எழுப்பவும் செய்கின்றன. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் தொட்டிக்குள் ஒலிவாங்கியை இறக்கி மூவகை ஒலிகளைப் பதிவு செய்தனர். இரண்டு மீன்கள் நேருக்கு நேர் முறைத்து நிற்கும்போது குரைப்பதுபோன்ற ஓர் ஒலி. இரைக்காகச் சண்டையிடும்போது பறைமீது ஒருமுறை அடித்தாற்போன்ற ஓர் ஒலி. ஒன்றை ஒன்று துரத்தும்போது பற்களை நறநறவென்று கடிக்கும் ஒலி. முதலிரண்டும் காற்றுப்பையை ஒட்டிய தசைகள் அதிர்வதால் உண்டாகின்றன. கடிப்பதற்கு முன்னரே எச்சரித்துவிடுவதால் பல சண்டைகள் சண்டையாகாமலே முடிகின்றன.

அமேசானில் ஆண்டுதோறும் வெள்ளம் வரும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையின்போது பகாங்கு ஆறு கரைபுரள்வதை அறிவீர்கள். மாமிராவாப் பகுதியில் நீர்மட்டம் 10 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, மாதக்கணக்கில் காடு முழுவதும் நீருக்குள் நிற்கும். மீன்கள் மரக்கிளைகளினூடே நீந்தும். பிரானாவும் அக்காட்டிற்குள் புகுந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை, நீரின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி அது இனம்பெருக்குகின்றது. அப்போது வயிற்றின் சிவப்பு மங்கி உடல் கருமையடையும். ஆணும் பெண்ணும் நீர்ச்செடிகளின் இடையே கிண்ணம்போல் ஒரு குழி அமைத்து அதில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு, அருகிலேயே சுற்றிச்சுற்றிக் காவல் காக்கும். சில நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். காவற்காலத்தில் எது நெருங்கினாலும் கடிக்கும். நெருங்கியது மீனா, மனிதக் காலா என்று அது ஆராய்வதில்லை.

இவ்விடத்தில் நம் பகாங்கு மாநிலத்து மீன் ஒன்றினை நினைவூட்ட வேண்டும். தாசிக் பெரா ஏரியிலும் தாழ்நிலத்து ஆறுகளிலும் வாழும் தோமான் மீனை உங்களில் சிலர் உண்டிருப்பீர்கள். தமிழகத்து விராலின் உறவு அது. ஒரு மீட்டர் நீளத்துக்கும் வளரும். அதன் குஞ்சுகள் செந்நிறப் பந்துபோல் திரண்டு நீர்மட்டத்தில் மூச்சுவிட எழும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அப்பந்தின் அருகே கையை விடுபவரைத் தோமான் பாய்ந்து தாக்கும். அதனால் தோமானை ஆட்கொல்லி என்று நாம் அழைப்பதில்லை. நம் ஆற்று மீன் என்பதால் அதனை அறிந்திருக்கின்றோம். அறிந்ததனால் ஒதுங்கிச் செல்கின்றோம்.

பிரானாவுக்கு ஆட்கொல்லி என்னும் பெயர் எவ்வாறு வந்தது? அமெரிக்க நாட்டின் முன்னாள் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட் 1913-14ஆம் ஆண்டுகளில் பிரேசிலின் காடுகளில் பயணம் செய்தார். 1914இல் அவர் எழுதிய பயண நூலில் பிரானாவை உலகிலேயே கொடிய மீனாக வருணித்தார். அதிபராக இருந்தவர் எழுதினால் உலகம் நம்பாதா? 1978இல் இம்மீனின் பெயரிலேயே ஒரு திகில் திரைப்படம் வெளிவந்தது. பின்னர் அதுபோன்ற படங்கள் பல வந்தன. நம் மாணவனின் உறக்கத்தைக் கெடுத்தது அவற்றுள் ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும்.

உண்மை நிலை யாதெனில், பிரானாக்கள் வாழும் ஆறுகளில் மக்கள் நாள்தோறும் குளிக்கின்றனர், துணி துவைக்கின்றனர், சிறுவர்கள் நீந்துகின்றனர். கடிபடுவோர் இல்லாமல் இல்லை. பிரேசிலின் தென்கிழக்கில் நிகழ்ந்த கடிகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவை பெரும்பாலும் ஆற்றை அணையிட்டுத் தேக்கிய இடங்களில் நிகழ்ந்தவை. ஒருவருக்கு ஒரு கடி, அதுவும் பெரும்பாலும் காலில். தேங்கிய நீரில் செடிகள் பெருகுகின்றன. செடிகளில் மீன்கள் முட்டையிடுகின்றன. அங்கேயே மனிதரும் குளிக்க இறங்குகின்றனர். முட்டையைக் காக்கும் மீன் குதிகாலைக் கடிக்கின்றது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கடும் வெயிலில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகருக்கு அருகே பரானா ஆற்றில் குளித்தவர்களுள் சுமார் 70 பேரைப் பிரானா இன மீன்கள் கடித்தன. சிலருக்குக் காயம் கடுமையானது. ஆகவே ‘பிரானா கடிக்கவே கடிக்காது’ என்று நாம் கூறமாட்டோம். கோடையில் நீர் வற்றிய குட்டைகளில் பட்டினியோடு நெருங்கிக் கிடக்கும் பிரானாக்களிடையே இறங்குவது அறிவுடைமையன்று. ஆனால், ஒரு மனிதனைச் சில நொடிகளில் எலும்புக்கூடாக்குவது திரைப்படத்தில் மட்டுமே நிகழும்.

பிரானாவின் கடியால் மிகுதியும் துன்புறுவோர் தூண்டிலிலிருந்து அதனைக் கழற்றும் மீனவர்களே. ஏனெனில் மனிதர் பிரானாவைத் தின்கின்றனர்! அமேசான் கரையோர மக்களுக்கு அது அன்றாட உணவு. பொரித்தும் குழம்பு வைத்தும் உண்கின்றனர். அம்மட்டோ? அங்குள்ள பழங்குடியினர் ஊதுகுழலால் நஞ்சம்புகளை எய்து வேட்டையாடுவர். அம்புக்கூட்டில் ஒரு பிரானாத் தாடை தொங்கும். அதன் பற்களால் அம்பின் நுனியருகே ஒரு கீறல் இடுவர். குரங்கு அம்பைப் பிடுங்கினாலும் நஞ்சு தோய்ந்த நுனி முறிந்து உடலிலேயே தங்கிவிடும். நம் மலையில் வாழும் செமாய் மக்களும் மூங்கில் ஊதுகுழலும் இப்போ மரத்தின் நஞ்சும் கொண்டு வேட்டையாடி வந்தவர்களே. பெருங்கடல்களுக்கு அப்பால் உள்ள இரு காடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே கருவியை அமைத்துக்கொண்டது நமக்குப் பெருவியப்பாக இருக்கின்றது. இதனை வேறொரு மலரில் எழுத எண்ணியுள்ளோம்.

இனி மைலோ டின்னுக்குத் திரும்புவோம்.

ஒரு வாரம் சென்றபின் அறிவியல் ஆசிரியையின் துணையுடன் ஒரு மீனைச் சிறு வலையில் எடுத்து, ஈரக் கைகளால் பிடித்து, உருப்பெருக்காடி கொண்டு அதன் வாயை நோக்கினோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சுற்றி நின்றனர். முக்கோணக் கத்திகளைக் காணவில்லை. சதுரமான, மழுங்கிய, நம் கடைவாய்ப் பற்களை ஒத்த சிறு பற்களே இருந்தன. கீழ்த்தாடையும் துருத்தி நிற்கவில்லை. அது பிரானாவன்று, அதன் நெருங்கிய உறவான பாக்கு என்னும் மீன்.

பாக்கு என்றவுடன் மாணவர்கள் சிரித்துவிட்டனர். வெற்றிலையோடு போடும் பாக்கன்று. தென் அமெரிக்காவில் வழங்கும் பெயரே அதுதான். ஆயினும் பெயர்ப் பொருத்தம் நன்றாகவே அமைந்துவிட்டது. வெள்ளக்காலத்தில் காட்டிற்குள் புகுந்து, மரங்களிலிருந்து உதிரும் பழங்களையும் கடினமான கொட்டைகளையும் உடைத்துத் தின்பது பாக்கு மீனின் தொழில். அதற்காகவே அந்தச் சதுரப் பற்கள். இளமையில் அதன் வயிறு பிரானாவைப் போலவே சிவந்திருப்பதால் பலரும் ஏமாறுவர். மலேசியாவில் உணவுக்காகவும் பாக்கு வளர்க்கப்படுகின்றது. பிரானாவையோ 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் நம் நாட்டுக்குள் கொண்டுவருவதும் விற்பதும் வளர்ப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. ‘பிரானாக் குஞ்சு’ என்று விற்றவர் அறியாமல் விற்றாரோ, இரண்டு ரிங்கிட் கூடுதலாகக் கிடைக்கும் என்று விற்றாரோ, நாம் அறியோம்.

“அப்படியானால் ஆற்றில் விடலாமா, ஐயா?” என்று மாணவன் கேட்டான். முகத்தில் மகிழ்ச்சி திரும்பியிருந்தது. தங்கைக்கு ஆபத்தில்லை என்றானபின் அவனுக்கு வேறு கவலை இல்லை. நமக்கோ கவலை அங்கேதான் தொடங்கிற்று.

நம் தோட்டத்து ஓடை எங்கே செல்கின்றது? பெர்தாம் ஆற்றில் கலக்கின்றது. பெர்தாம் ஆறு தானா ராத்தாவைக் கடந்து ரிங்லெட் ஏரியை அடைகின்றது. 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையால் தேங்கிய ஏரி அது. அங்கிருந்து நீர் இரு வழிகளில் இறங்குகின்றது. மின்சாரம் எடுப்பதற்காக மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே ஒரு பகுதி பேராக் மாநிலத்தின் பாத்தாங் பாடாங் ஆற்றுக்குச் சென்று, முடிவில் மலாக்கா நீரிணையில் கலக்கின்றது. அணையிலிருந்து வெளியேறும் நீரோ பழைய வழியே தெலோம் ஆற்றைச் சேர்ந்து, ஜெலாய் ஆறாகி, தெம்பெலிங் ஆற்றுடன் கூடிப் பகாங்கு ஆறு என்னும் பெயர் பெற்று, பெக்கான் அருகே தென் சீனக் கடலை அடைகின்றது. லயத்துக்குப் பின்னால் ஓடும் அந்தச் சிற்றோடை இரண்டு கடல்களுக்குக் கதவு.

பாக்கு, பிரானா போன்றவை வெந்நிலத்து மீன்கள். நம் மலைநீரின் குளிரில் அவை செழிக்கமாட்டா, ஒருவேளை இறந்துபோகும். இறவாமல் கீழே இறங்கினால் கோல லிப்பிசிலும் ஜெராண்டுட்டிலும் ஆற்றுநீர் வெதுவெதுப்பானது. அங்கே கெலா மீன் உண்டு. பாக்கு அமேசானில் செய்யும் அதே வேலையைக் கெலா இங்கே செய்கின்றது. கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களைத் தின்று வாழ்கின்றது. தாமான் நெகாராவில் தஹான் ஆற்றின் லூபோக் தெனோர் என்னுமிடத்தில் அதற்கெனக் காப்பிடமே அமைத்துள்ளனர். உதிரும் பழம் அதே அளவுதான். வாய்கள் மட்டும் கூடினால் யார் பட்டினி கிடப்பது?

இது வெறும் அச்சம் என்று எண்ணவேண்டா. சிலாங்கூரில் லங்காட், கிள்ளான் ஆறுகளில் ‘இக்கான் பண்டாராயா’ என்னும் கெளிற்று மீன் பெருகிக் கிடக்கின்றது. அதுவும் தென் அமெரிக்க மீனே. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்வதற்காக வாங்கினர். பெரிதானவுடன், ‘பாவம், கொல்ல வேண்டாம்’ என்று ஆற்றில் விட்டனர். எலும்புக்கவசம் போன்ற அதன் தோலைக் கண்டு ஏனைய மீன்கள் ஒதுங்குகின்றன. அது ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து குழி பறித்து முட்டையிடுகின்றது, கரை இடிகின்றது. தன்னார்வலர்கள் வார இறுதிகளில் வலைவீசி அதனைப் பிடித்து அகற்றி வருகின்றனர். இம்மீனைப் பற்றி எவரும் திகில்படம் எடுக்கவில்லை. அது யாரையும் கடிப்பதில்லை. பல் காட்டாத பகை!

கேரளத்தில் 2018ஆம் ஆண்டு பெருவெள்ளம் வந்தபோது வளர்ப்புக் குளங்கள் நிரம்பி வழிந்தன. வெள்ளம் வடிந்தபின் சாலக்குடி ஆற்றில் வலைவீசிய மீனவர்களுக்கு, முன்னர் கூறினோமே, அந்த அரபைமா அகப்பட்டது. பாக்கு மீனும் அவ்வெள்ளத்தோடு கேரள ஆறுகளில் பரவிற்று. எவரும் வேண்டுமென்று விடவில்லை; வெள்ளமே திறந்துவிட்டது.

இவற்றையெல்லாம் மாணவர்களுக்கு விளக்கியபின், மீன்களை என்ன செய்வது என்பதை அவர்களிடமே விட்டோம். ஒருவன் பொரித்துவிடலாம் என்றான். அவனுடைய கருத்தும் சட்டத்துக்குப் புறம்பானதன்று. மைலோ டின் மாணவன் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, “பள்ளியில் வைத்துக்கொள்ளலாமா, ஐயா?” என்றான். அன்று மாலை அவனுடைய தந்தையார் வேலைச் சீருடையோடு நம்மைக் காண வந்தார். “தெரியாமல் ஆற்றில் விடச் சொல்லிவிட்டேன், ஐயா” என்று கூறிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம் கையாலேயே அறிவியல் அறையில் ஒரு பலகைமேடை அமைத்துக் கொடுத்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பழைய கண்ணாடித் தொட்டி அதன்மீது ஏறிற்று. நம் மலைக்குளிருக்காக நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றும் வாங்கினோம். அதற்கான மின்கட்டணத்தைக் குறித்துப் பொருளாளர் இன்னமும் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.

இப்போது அம்மீன்கள் நம் உள்ளங்கையைவிடப் பெரியவை. வயிற்றின் சிவப்பு மங்கிவருகின்றது. பப்பாளித் துண்டும் கங்கோங் கீரையும் விரும்பி உண்கின்றன. வேர்க்கடலையை இட்டால் உடைபடும் ஒலி வெளியே கேட்கும். அவை இன்னும் பன்மடங்கு வளரக்கூடியவை என்பதால், இத்தொட்டி நெடுநாளைக்குப் போதாது. பெரிய தொட்டி எங்கே கிடைக்கும் என்று நாம் விசாரித்து வருகின்றோம். உங்கள் பெற்றோர் அறிந்திருப்பின் கூறச் சொல்லுங்கள். புதன்கிழமைதோறும் தொட்டிநீரை மாற்றும் பொறுப்பு நான்காம் ஆண்டு மாணவர்களுடையது. மாற்றிய நீரை ஓடையில் கொட்டாமல் பூஞ்சட்டிகளுக்கு ஊற்றவும். மைலோ டின்னுக்குச் சொந்தக்காரன் ஆறாம் ஆண்டுக்குச் சென்றுவிட்டான். ஒவ்வொரு காலையிலும் சபைகூடலுக்கு முன்னர் தன் தங்கையின் கையைப் பிடித்து அழைத்துவந்து, தொட்டியருகே நின்று, செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறக்கின்றது என்று எண்ணிக்கொண்டிருக்கின்றான்.